பர்ட் வொண்டர்ஸ்டோனா, மெஜிஷியன்ஸா? சறுக்கிய இரண்டில் தேறுவது எது

மேடை மேஜிக் நிபுணர்களின் தொழில் பொறாமையை வைத்து நகைச்சுவைப் படம் எடுப்பது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜிகினாக் கோட்டு, சாயம் பூசிய தலைமுடி, தன்னை விட்டால் ஆளில்லை என்கிற மிதப்பு, அடுத்தவனுக்கு விழும் கைதட்டலைக் கேட்டு எரியும் வயிறு. பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஆனாலும் 2007இல் பிரிட்டனில் வந்த 'மெஜிஷியன்ஸ்', 2013இல் அமெரிக்காவில் வந்த 'தி இன்கிரெடிபிள் பர்ட் வொண்டர்ஸ்டோன்' இரண்டுமே சறுக்கின. சீட்டுக்கட்டும் கையுமாகத் திரியும் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது இரண்டில் ஒன்றைப் போட வேண்டியிருந்தது. பர்ட்டைத்தான் போட்டேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் போடுவேன்.

வயது விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். மெஜிஷியன்ஸுக்குப் பிரிட்டனில் 15 வயதுச் சான்றிதழ். பர்ட்டுக்கு அமெரிக்காவில், 13 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனம் தேவை என்ற எச்சரிக்கையோடு சரி.

கதை என்று பார்த்தால் மெஜிஷியன்ஸின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஹாரியும் கார்லும் கூட்டாக மேடையேறும் நண்பர்கள். டேவிட் மிட்சலும் ராபர்ட் வெப்பும் நடித்திருக்கிறார்கள். தன் மனைவிக்கும் கார்லுக்கும் இருக்கும் உறவு ஹாரிக்குத் தெரியவருகிறது. அந்தச் சூட்டோடு நடக்கும் கில்லட்டின் (தலைவெட்டும் இயந்திரம்) வித்தையில் அவள் தலை நிஜமாகவே துண்டாகிறது. விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்ற சந்தேகம் இருவருக்கும் நடுவில் நிற்க, சில ஆண்டுகள் கழித்து ஜெர்சி தீவில் நடக்கும் ஒரு மேஜிக் போட்டிக்காக மறுபடி ஒன்றுசேர்கிறார்கள். முந்தைய ஆண்டு வந்த 'தி பிரெஸ்டீஜ்' படத்திலும் பகைக்கு விதை இதுதான்: மேடையில் ஒரு வித்தை தவறி ஒருவனின் மனைவி சாகிறாள், பழி கூட்டாளியின் மேல் விழுகிறது. அந்தப் படம் இதை வைத்துக் குலைநடுங்க வைத்தது. மெஜிஷியன்ஸ் சிரிக்க வைக்கப் பார்க்கிறது. துணிச்சலான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே தலையை உருட்டிவிட்டால் அதற்குமேல் எங்கே போவது? மீதிப் படம் ஓட்டல் அறைகளிலும் மேடைக்குப் பின்னாலும் நடக்கும் முணுமுணுப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஜெஸ் ஆம்ஸ்ட்ராங், சாம் பெயின் எழுதிய வசனங்கள் அங்கங்கே சுருக்கென்று தைக்கின்றன. இதே கூட்டணியின் 'பீப் ஷோ' தொடரை நான் முழுதாகப் பார்த்ததில்லை. அதில் ஊறியவர்களுக்கு இந்த முணுமுணுப்பு என்னைவிட அதிகமாகப் பிடிக்கலாம்.

பர்ட்டின் கதை பழகிய தடம். லாஸ் வேகாஸில் வெல்வெட் உடையில் ஆண்டுக்கணக்காக ஒரே காட்சியை நடத்திவரும் பர்ட் (ஸ்டீவ் கரெல்), அவனைச் சகித்துக்கொண்டிருக்கும் கூட்டாளி ஆன்டன் (ஸ்டீவ் புஷெமி). தெருவில் உடம்பை வதைத்து வித்தை காட்டும் ஸ்டீவ் கிரே (ஜிம் கேரி) வந்ததும் இவர்கள் கூட்டம் கரைகிறது. புலிகளோடு மேடையேறிய சீக்ஃபிரிட்–ராய் ஜோடியின் சாயல் ஒரு பக்கம். பட்டினியையும் பனிக்கட்டியையும் வித்தையாக்கிய டேவிட் பிளெய்ன் வகையறாவின் சாயல் மறுபக்கம். 2003இல் பிளெய்ன் லண்டனில் தேம்ஸ் ஆற்றோரம் தொங்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் 44 நாள் சாப்பிடாமல் கிடந்தாரே, அதே பாணியில் பர்ட்டும் ஆன்டனும் பெட்டிக்குள் ஏறி அல்லாடும் காட்சி படத்தின் நல்ல காட்சிகளில் ஒன்று.

ஆனால் நான் பர்ட்டின் பக்கம் சாய்ந்தது கதைக்காகவோ நடிகர்களுக்காகவோ அல்ல. மேஜிக்குக்காக.

திரையில் மேஜிக் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. முயல் தொப்பியிலிருந்து வந்ததா, எடிட்டிங் மேஜையிலிருந்து வந்ததா என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. ஷாட்டை ஒருமுறை வெட்டினால் யாரையும் மறைய வைக்கலாம், அதில் வியக்க ஒன்றுமில்லை. மேடையில் அப்படித் தப்பிக்க வழியில்லை. 1921இல் மேஜிக்காரர் பி. டி. செல்பிட் லண்டனில் பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுத்துக் காட்டியபோது, அரங்கத்துக்கு வெளியே சாக்கடையில் வாளி வாளியாகச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டவைத்தார் என்று சொல்வார்கள். 1956இல் வங்காளத்தின் பி. சி. சர்க்கார் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ரம்பத்தால் ஒரு பெண்ணை அறுத்தார். அவள் எழுந்து நிற்பதைக் காட்டாமலே நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட, கொலையே நடந்துவிட்டதோ என்று பயந்துபோனவர்களின் அழைப்புகளால் நிலையத்தின் தொலைபேசிகள் திணறின. எதிரே நடப்பதில் வெட்டோ ஒட்டோ இல்லை என்று ஜனங்கள் நம்பியதால்தான் அந்தப் பயம். கில்லட்டினில் தொடங்கும் மெஜிஷியன்ஸ் இந்தப் பயத்தின் பக்கம் போகவே இல்லை. தலை விழுகிறது, சினிமா ரத்தம் என்று நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதன் இயக்குநர் ஆண்ட்ரூ ஓ'கானர் இளமையில் தானே மேஜிக் செய்தவர் என்பதால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. ஹாரியையும் கார்லையும் சமையல்காரர்களாக மாற்றினாலும் முக்கால்வாசிப் படம் அப்படியே நிற்கும்.

பர்ட்டில் ஓரிடத்திலாவது அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க முயன்றிருக்கிறார்கள். தூக்குமேடையில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆள் மாறும் ஒரு வித்தை வருகிறது. அதைப் படத்துக்காக வடிவமைத்தவர் அமெரிக்காவின் பிரபல மேஜிக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்ட். திரையிலும் ஒரு காட்சியில் தலைகாட்டுகிறார். கணினி வரைகலையை நம்பாமல், மேடையில் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அண்ணன் மகன் ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டி மறுபடி மறுபடி பார்த்தான். கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவன் பிறகு பலகையைப் பார்த்தான், கடைசியில் கால்களை. எதுவும் பிடிபடவில்லை.

உச்சக்கட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அரங்கில் இருக்கும் மொத்தக் கூட்டத்தையும் மறைய வைப்பதுதான் பர்ட்டும் ஆன்டனும் நெடுநாளாகக் கண்ட கனவு. அதைச் செய்தும் காட்டுகிறார்கள். எப்படி என்பது கடைசியில் தெரிகிறது. கூட்டத்துக்கு மயக்கம் கொடுத்து, மூட்டை தூக்குவதுபோல் ஆட்களைத் தூக்கி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள்! தலை தொங்க, வாய் பிளந்து கிடப்பவர்களை உதவியாளர்கள் தரதரவென்று இழுக்கும் அந்தச் சில நொடிகளில், மேஜிக் என்பது மறைவில் நடக்கும் முரட்டு உழைப்பு என்பதைப் படம் சிரிப்பாக மாற்றிவிடுகிறது. மேஜிக்காரர்களின் படத்தில் மட்டுமே வரக்கூடிய சிரிப்பு அது.

இதற்காகப் பர்ட்டை நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாதியில் யாராலும் பொறுக்க முடியாத தற்பெருமைக்காரனாக இருக்கும் பர்ட் திடீரென்று திருந்துகிறான். ஏன் திருந்தினான் என்று எழுதியவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். மேடை உதவியாளராக வரும் ஒலிவியா வைல்டுக்குப் பாத்திரமே இல்லை, ஓர் உடை மட்டும் இருக்கிறது. ஜிம் கேரி வரும்போதெல்லாம் திரை சூடேறுகிறது, ஆனால் அவனைப் பித்தலாட்டக்காரனாகக் காட்டுவதா கலைஞனாகக் காட்டுவதா என்று கடைசிவரை முடிவெடுக்கவில்லை. ஈடு கட்டுபவர் ஆலன் ஆர்கின். முதியோர் இல்லத்தில் ஒதுங்கிவிட்ட பழைய நிபுணர் ரான்ஸ் ஹாலோவேயாக, பெரிய பெரிய கருவிகளை விட்டுவிட்டுக் கையளவு வித்தைக்குத் திரும்பும் அவருடைய காட்சிகளில் படத்துக்கு மூச்சு வருகிறது. கம்போடியாவில் சோறும் தண்ணீரும் இல்லாத மக்களுக்கு ஆன்டன் மேஜிக் பெட்டி வழங்கும் நகைச்சுவை குரூரம்தான். ஆனாலும் சிரித்துவிட்டேன்.

வேகாஸ் மேடைகளை நான் நேரில் பார்த்ததில்லை. அங்கே காட்சி பார்த்தவர்களுக்குப் பர்ட்டின் கேலி மொட்டையாகத் தெரியலாம், இன்னும் கூர்மையாகவும் தெரியலாம். சிரிப்பு வேண்டாம், பகை மட்டும் போதும் என்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு 'தி பிரெஸ்டீஜ்' பக்கம் போவதே மேல். பர்ட்டைப் போடுபவர்கள் நடுவில் கொஞ்ச நேரம் தேநீர் போட எழுந்து போனால் நஷ்டமில்லை. கதை முடிந்துவிட்டது என்று மட்டும் அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள், லாரிக் காட்சி அதற்குப் பிறகுதான் வருகிறது.