சைனஸுக்கு அன்னாசி என்சைம்: அட்டையில் போடாத அந்த எண்

தீராத சைனஸுக்கு புரோமெலைன் (அன்னாசியிலிருந்து எடுக்கும் என்சைம்) மாத்திரை கேட்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானே நீண்ட நாள் சாப்பிட்டு வருவதால் குறையிலிருந்தே தொடங்குகிறேன். அட்டையில் மில்லிகிராம் மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். என்சைமை எடை போட்டு என்ன செய்வது? புரதத்தை எவ்வளவு வெட்டுகிறது என்பதுதானே கணக்கு! அதற்கு ஜிடியு (GDU, ஜெலட்டின் என்ற புரதத்தைச் செரிக்கும் திறனின் அளவு) என்ற அலகு இருக்கிறது. 500 மி.கி. கேப்ஸ்யூல், கிராமுக்கு 2400 ஜிடியு சரக்கு என்றால் 1200 கிடைக்கும். 600 ஜிடியு சரக்கு என்றால் வெறும் 300. எடை இரண்டிலும் ஒன்றே.

சேலத்து மெடிக்கலில் கேட்டால் சட்டென்று எடுத்து நீட்டுவது கூட்டு மாத்திரையைத்தான்: புரோமெலைன் 90, டிரிப்சின் 48, ருடோசைடு 100 மி.கி. ருடோசைடு ஒரு தாவரச் சத்து. டிரிப்சினும் புரதத்தை வெட்டும் என்சைம்தான், பெரும்பாலும் விலங்குக் கணையத்திலிருந்து வருவது; சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். சோற்றோடு போட்டால் பருப்பையும் முட்டையையும் செரிப்பதிலேயே அதன் வேலை முடிந்துவிடும். மேல்பூச்சு உள்ளதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, வயிற்று அமிலம் கெடுத்துவிடும். ஏப்ரல் வெயிலில் வண்டி டிக்கியில் அட்டையைப் போட்டு வைக்காதீர்கள், சூடும் என்சைமுக்கு ஆகாது. பழம் தின்றால் போதாதா என்பார்கள். போதாது, மருந்துச் சரக்கு பெரும்பாலும் தண்டிலிருந்து எடுப்பது.

வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, ரத்தப்போக்கு கூடலாம். அன்னாசி, லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

பலன் உண்டா? கெட்டிச் சளி இளகுகிறது, கன்னத்துக் கனம் குறைகிறது. ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது நெற்றி தெறிக்கிறதே, அதற்கு உதவவில்லை. இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். அடைத்த சைனஸுக்குள் காற்று நுழைய வழியில்லை. மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட ஜெர்மனி அரசுக் குழுவான கமிஷன் ஈ புரோமெலைனை ஏற்றதும் அடிபட்ட, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வீக்கத்துக்குத்தான், நாள்பட்ட சைனஸுக்கு அல்ல.

பெரும்பங்கு வேலை மூக்கைக் கழுவும் உப்புநீருடையது. கொதித்து ஆறிய தண்ணீர் 240 மி.லி., அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். கழுவிய பிறகு டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு ஸ்ப்ரே.

காசுக்கு ஏற்ற மருந்தா என்றால் இல்லை. இவ்வளவு திட்டியும் அடுத்த டப்பா வாங்கத்தான் போகிறேன், ஜிடியு அச்சிட்டதாகப் பார்த்து.