கன்வாவா, போட்டோபீயா? வன்னியில் டிசைன் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பிள்ளை ஏ.எல் எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை டிசைன் பழகப் போகிறேன் என்றால், பெரும்பாலும் எல்லோரும் சொல்லுவது கன்வா என்ற டிசைன் கருவியைத்தான். அது பிழையான ஆலோசனை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் டிசைன் செய்கிறவரிடம் வரும் வேலையில் பாதிக்கு மேல் தாளிலோ பதாகையிலோ போய் முடிகிறது. கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவருக்கான நினைவு மலர்), ரியூசன் விளம்பரம், விளையாட்டுக் கழகச் சுற்றுப்போட்டி, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வந்தால் தாகசாந்திப் பந்தலுக்குப் பதாகை. இந்த வேலைகளைச் செய்ய விரும்புகிறவர் போட்டோபீ என்ற இன்னொரு டிசைன் கருவியில் தொடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இரண்டையும் பாவித்துப் பார்த்து நான் நின்ற இடமும் அதுதான்.

பொதுவான விசயங்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். கன்வா, அடோபி எக்ஸ்பிரஸ், போட்டோபீ மூன்றும் உலாவியிலேயே ஓடும், மூன்றையும் காசு கட்டாமல் தொடங்கலாம். கன்வா அவுஸ்திரேலியாவில் தொடங்கி 2013இல் வெளிவந்தது. அடோபி எக்ஸ்பிரஸ், போட்டோசொப் செய்த அதே நிறுவனத்துடையது. 2021 வரை அதற்கு ஸ்பார்க் என்று பெயர். போட்டோபீயும் 2013இல் வந்ததுதான். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரு தனி மனிதர் எழுதியது. பார்க்க அப்படியே போட்டோசொப் மாதிரி இருக்கும்.

கன்வாவின் பலம் அதன் ரெம்பிளேற்கள். பிறந்தநாள் வாழ்த்தோ வட்ஸ்அப் ஸ்டேட்டஸோ, ஒன்றைத் தெரிவு செய்து பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. போனிலேயே சுகமாகச் செய்யலாம், தானாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். பாடசாலை ஆசிரியர் என்பதை உறுதிப்படுத்தினால் கல்விப் பதிப்பு முழுக்க இலவசம். ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்குவது, பின்னணி இல்லாத படமாக இறக்குவது, சொந்த எழுத்துருவை ஏற்றுவது எல்லாம் காசு கட்டும் பதிப்பில்தான். இந்தக் கடைசி வசதியை நினைவில் வைத்திருங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துத் தந்தது, கொடுத்த வேலையைப் பிறகு திருத்த முடியுமா என்ற கேள்வி.

மரண அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், மாமனாரும், பேரனாரும் என்று உறவுப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இரவு பிரான்சிலிருந்து ஒருவர் அழைத்து மருமகனின் பெயர் விடுபட்டுவிட்டது என்பார். கனடாவிலிருந்து இன்னொருவர் பேத்தியின் பெயரில் எழுத்துப்பிழை என்பார். ஒரு பெயர் விடுபட்டால் அது வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் அச்சகம் திறக்கும்போது திருத்தம் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் வேறு வேலையில் நின்றால் அச்சகத்துக்காரரே திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அதோடு அந்த வேலை முடிந்தும் போகாது. 31ஆம் நாளுக்கு அதே படமும் அதே பெயர்ப் பட்டியலும் திரும்ப வேண்டும், ஓராண்டு நினைவஞ்சலிக்கு இன்னொரு முறை. கோயில் நோட்டீஸும் அப்படித்தான்: வருடா வருடம் திகதியும் உபயகாரர் பெயரும் மாறும், மிச்சம் எல்லாம் பழையதே.

கன்வாவில் செய்ததை நீங்கள் உங்கள் கணக்குக்குள் போய் எத்தனை முறையும் திருத்தலாம். ஆனால் அச்சகத்துக்குப் போவது படமாகவோ பி.டி.எஃப் ஆகவோதான். அந்தப் பி.டி.எஃப்பை, அச்சகங்கள் பாவிக்கும் கோரல் ட்ரோ என்ற மென்பொருளின் பழைய பதிப்பில் திறந்தால் தமிழ் எழுத்துகள் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். இணைப்பை அனுப்பி "இதிலேயே திருத்துங்கோ" என்று சொல்லலாம். அவசரத்தில் நிற்கிற அச்சகத்தில் அதை யாரும் விரும்புவதில்லை. எனக்குத் தெரிந்த அச்சகக்கார அண்ணை ஒருவர் சொல்லுவார்: "தங்கச்சி, படமாய்த் தந்தால் நான் என்னத்தைத் திருத்துறது? லேயரோடை தாங்கோ." லேயர் என்றால் எழுத்தும் படமும் தனித்தனி அடுக்காக நிற்பது. போட்டோபீ வேலையை, அந்த அடுக்குகள் கலையாமல் நிற்கும் போட்டோசொப் கோப்பான பி.எஸ்.டியாகவே சேமிக்கிறது. அவர் அதைத் தன் போட்டோசொப்பில் திறந்து, அந்த ஒரு பெயரை மட்டும் மாற்றி அடித்துவிடுவார். அவரிடம் இருக்கும் போன வருடத்துப் பி.எஸ்.டியை வாங்கி நீங்கள் போட்டோபீயில் திறக்கவும் முடியும். சில எஃபெக்டுகள் இரண்டிலும் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியக்கூடும், அதனால் முதல் தடவை அச்சகத்திலேயே நின்று பார்த்துவிடுவது நல்லது.

இங்கேதான் எழுத்துரு வருகிறது. எங்கள் பகுதி அச்சகங்களும் கொமினிகேசன் கடைகளும் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் ஊறி நிற்கின்றன. இன்று போனிலும் இணையத்திலும் நாங்கள் தமிழ் எழுதும் முறையான யுனிகோட்டுக்கு அது முந்தியது. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகள்தான், உருவம் மட்டும் தமிழாகத் தெரிகிறது. அதனால் எவ்வளவு பழைய போட்டோசொப்பிலும் கொம்பு பிசகாமல் நிற்கும். யுனிகோட் தமிழ் அப்படியில்லை. தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய பதிப்புகளில் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். அதற்குப் பிறகு வந்த பல பதிப்புகளிலும் எழுத்து அமைப்பில் இந்திய மொழிகளுக்கான தெரிவைப் போட வேண்டும், அது எல்லா அச்சகக் கணினியிலும் போட்டிருக்காது. ஆகவே திருத்தத்துக்குப் போகிற கோப்பில் எழுத்து பாமினியில் இருப்பது பாதுகாப்பு. இலவசக் கன்வாவில் பாமினியை ஏற்ற வழியில்லை. போட்டோபீயில் எழுத்துருக் கோப்பை அப்படியே இழுத்துத் திரையில் விட்டால் போதும், காசு இல்லை. பாமினித் தட்டச்சு தெரியாதவர்கள் யுனிகோட்டில் அடித்து, பாமினிக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்களில் போட்டு எடுக்கலாம். ஒட்டிய பிறகு ஒரு தடவை வாசியுங்கள். 'கொடியேற்றம், தேர், தீர்த்தம், பூங்காவனம்' என்ற ஒரு வரி போதும், கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

முகநூலில் எழுத்தாகப் போடும் அறிவித்தலுக்குப் பாமினி உதவாது, அங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதற்கு யுனிகோட்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 2009 இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். நினைவஞ்சலிக்கு என்று கொண்டுவருவது பல வேளைகளில் ஒரு அடையாள அட்டைப் படமாக இருக்கும், அல்லது தண்ணீர்ப்பட்டு ஓரம் கரைந்த ஒரு சிறிய படம். அந்த முகத்தை ஒழுங்காகக் கொண்டுவர வேண்டும். போட்டோபீயில் குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ், கேர்வ்ஸ் போன்ற படம் திருத்தும் கருவிகள் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. வெடிப்பை மூடலாம், மங்கிய கறுப்பை மீட்கலாம், தோளுக்குப் பின்னால் உள்ளதை மாஸ்க் போட்டு, அதாவது அழிக்காமல் மறைத்து, நீக்கலாம். மெதுவான வேலை, பொறுமை வேண்டும். முகத்தின் அடையாளம் மாறுமளவுக்கு மெருகேற்றாதீர்கள். வீட்டுக்காரர் பார்த்தவுடன் "அவர்தான்" என்று சொல்ல வேண்டும், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

டேட்டா விசயத்திலும் போட்டோபீ எங்களுக்குத் தோதானது. பக்கம் ஒரு தடவை திறந்துவிட்டால் வேலை முழுக்க உங்கள் கணினியிலேயே நடக்கும், நடுவில் சிக்னல் போனாலும் தொடரலாம். வழமையான வேலைகளில் உங்கள் படம் வேறு யாருடைய சேவருக்கும் போவதில்லை. விளம்பரம் ஓரமாக ஓடும், பணம் கட்டினால் அது போய்விடும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கணினியோ மடிக்கணினியோ இல்லாமல் போட்டோபீ பழகுவது கடினம். போனில் திறக்கும், ஆனால் அந்தச் சிறு கட்டங்களில் விரலால் வேலை செய்வது பெரும் பாடு. போன் மட்டும் கையில் உள்ளவருக்குக் கன்வாதான் சரி. பிக்சல்லாப் என்ற போன் செயலியும் நல்லது, அதில் சொந்த எழுத்துருவையும் ஏற்றலாம். இன்னொன்று, போட்டோபீயில் சேமிப்பது உங்கள் பொறுப்பு. மின்வெட்டு வரும் நாட்களில் அடிக்கடி பி.எஸ்.டியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடோபி எக்ஸ்பிரஸை நான் அதிகம் பாவித்ததில்லை, அதனால் என் சொல்லுக்கு இதில் பெரிய எடை வேண்டாம். பின்னணி நீக்குவதை இலவசமாகவே தருவது அதில் எனக்குப் பிடித்தது. மற்றபடி கன்வா செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பழக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

போட்டோபீயில் தொடங்குகிறவர்கள் முதலில் லேயர், மாஸ்க், எழுத்து ஆகிய மூன்றையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். புதுக் கோப்புத் திறக்கும்போதே அளவைச் சரியாகக் கொடுங்கள். ஏ4 நோட்டீஸ் என்றால் 210 × 297 மி.மீ., 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480 × 3508 பிக்சல். வெட்டுவதற்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூட்டி விடுங்கள். ஆறுக்கு மூன்று அடிப் பதாகைக்கு 100 டி.பி.ஐ. போதும், 7200 × 3600 பிக்சல் வரும். அதற்கு மேல் போனால் பழைய கணினி திணறும். திரையில் மின்னுகிற நீலமும் இளம்பச்சையும் தாளில் மங்கித்தான் வரும், எந்தக் கருவியில் செய்தாலும் இது நடக்கும். ஆகவே நிறைய அடிக்க முன்னர் ஒரு தாள் அடித்துப் பார்க்கக் கேளுங்கள். அச்சகத்துக்கு எப்போதும் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்: திருத்துவதற்குப் பி.எஸ்.டி, எப்படித் தெரிய வேண்டும் என்று காட்ட ஒரு ஜேபெக், நீங்கள் பாவித்த எழுத்துருக் கோப்பு. கோப்பின் பெயரில் குடும்பப் பெயரையும் ஆண்டையும் எழுதி, பென்டிரைவில் ஒரு பிரதியும் வேறொரு இடத்தில் இன்னொரு பிரதியும் வையுங்கள். அடுத்த வருடம் அதே வீட்டிலிருந்து ஆள் வரும்போது தேடாமல் எடுத்துத் திகதியை மாற்றிக் கொடுக்கலாம்.