தண்டைக் கழற்றியா, கழற்றாமலா?

வாடைக்காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் படகைக் கரையேற்றினால், முதலில் புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புரொப்பெல்லரைச் சுழற்றும் 25 மில்லிமீற்றர் தண்டில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால், அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கை, அதாவது உள்ளே இறப்பர் பதித்த பித்தளை உறையை, மாற்றியே ஆக வேண்டும். அதை நாமே செய்ய இரண்டு வழிகள் உண்டு.

தண்டை முழுவதுமாக உருவி எடுப்பது பழைய வழி. கருவிச் செலவு குறைவு, உழைப்பு அதிகம். இயந்திரத்தோடு தண்டை இணைக்கும் கப்ளிங் துருவேறி இறுகியிருக்கும். பல படகுகளில் சுக்கானையும் இறக்க வேண்டும். பிறகு பேரிங்கின் பித்தளை உறையை வாளால் நீளவாக்கில் அறுக்கும்போது, அதைத் தாங்கும் பிடியில் கீறல் விழக்கூடாது. பொறுமையைச் சோதிக்கும் வேலை! ஆனால் தண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய பேரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும்.

இரண்டாவது வழியில், திருகு இழுவைக் கருவியால் தண்டை அசைக்காமலே பேரிங்கை வெளியே தள்ளலாம். புரொப்பெல்லரைக் கழற்றினால் போதும். ஆனால் பேரிங் படகுக்கு வெளியே தொங்கும் பிடியில் இருந்து, பிடியின் இரு பக்கமும் திறந்திருந்தால்தான் இது நடக்கும். தண்டு படகுக்குள் நுழையும் குழாய்க்குள் இருக்கும் பேரிங்குக்கு உதவாது.

பல ஆண்டுகள் தண்டைப் பார்க்காத மீன்பிடிப் படகென்றால், நான் உருவி எடுக்கவே சொல்வேன். எந்த வழியானாலும் பிடியிலுள்ள சிறு திருகாணிகளை முதலில் தளர்த்துங்கள். புதிய பேரிங்கின் இறப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், கிறீஸ் வேண்டாம். படகு நீரில் இறங்கியதும் கப்ளிங் நேராகப் பொருந்துகிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள். மிதக்கும்போது படகின் உடல் சற்று வடிவம் மாறும்.