கென்டருக்கு சைலன்சர் சூட்டு மீற்றரும் பூஸ்ட் மீற்றரும் பூட்டினேன்: காசுக்குத் தகுமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற டர்போ லொறி வைத்திருப்பவருக்கு எஞ்சின் புகையின் சூட்டைக் காட்டுகிற சூட்டு மீற்றர் கட்டாயம் வேண்டும், புகை வேகத்தில் சுழலும் டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற பூஸ்ட் மீற்றர் இருந்தால் நல்லது, ஆனால் இரண்டையும் விடப் பெரிய விசயம் அதை யார் பூட்டுகிறார், எந்த இடத்தில் துளை போடுகிறார் என்பதுதான்.

என்னுடையது டர்போ உள்ள மிட்சுபிஷி கென்டர். நுவரெலியாவிலிருந்து பேலியகொடைக்கு மரக்கறி இறக்கிவிட்டு, திரும்பும்போது அரிசி, மா, உரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றி வருவேன். போகும்போது பாரம் இருந்தாலும் இறக்கம், திரும்பும்போதுதான் வண்டிக்கு சோதனை. கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கினால் வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வரைக்கும் எஞ்சினுக்கு மூச்சு விட நேரமில்லை. கம்பெனி போட்டுத் தருவது தண்ணீர்ச் சூட்டு முள் மட்டும்தான், அது அசையும்போது உள்ளே பிஸ்டன் எவ்வளவோ நேரமாக வெந்துகொண்டிருக்கும். மேலே போகப் போகக் காற்றும் குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கடற்கரையோடு பார்த்தால் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே டீசல் இறங்கி காற்று மட்டும் குறைந்தால் கறுப்புப் புகையும் சூடும்தான் மிச்சம். பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியமே உருகுவது 660 டிகிரியில், டர்போவுக்கு முன்னால் புகை 700ஐத் தாண்டும். தொட்டவுடன் பிஸ்டன் உருகிவிடாது, ஆனால் அந்தச் சூட்டிலேயே ஏற்றம் முழுக்க மிதித்துக்கொண்டு போனால் பிஸ்டனும் டர்போவும் தாங்காது.

மீற்றர் செட் வாங்கியது கொழும்பு பஞ்சிகாவத்தையில். பெரிய பிராண்ட் எல்லாம் இல்லை. இரண்டு வட்ட மீற்றர், புகைச் சூட்டை அளக்கிற கே டைப் கம்பி ஒன்று, பூஸ்டுக்கு ஒரு மெல்லிய நைலோன் குழாய், அவ்வளவுதான். பெட்டியில் இருந்த தாளைப் பார்த்துப் பூட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பூட்டியது ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்னக் கராஜ். முதலில் கேட்ட வேறு இடத்தில் டர்போவுக்குப் பின்னால், சைலன்சர் குழாயில் ஒரு துளை போட்டு மத்தியானத்துக்குள் தந்துவிடுவதாகச் சொன்னார்கள். இந்த அண்ணனிடம் அதைச் சொன்னபோது சிரித்தார். “பின்னுக்கு போட்டா எனக்கும் லேசு தம்பி. ஆனா டர்போ தாண்டின புகை ஏற்கெனவே ஆறிப்போன புகை. நூறு நூத்தம்பது டிகிரி குறைச்சுக் காட்டும், நீங்க அத நம்பி இன்னும் மிதிப்பீங்க.” சரி, நீங்களே செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் வேலை செய்த விதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிலிண்டர் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற இரும்புக் குழாயான மெனிபோல்டில் துளை போடும்போது வருகிற இரும்புத்தூள் ஒன்று உள்ளே கிடந்தாலும் டர்போ விசிறி இலையைக் கடித்துவிடும். சில பேர் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே ட்ரில் பண்ணி, புகையே தூளை வெளியே தள்ளிவிடும் என்பார்கள். இவர் டர்போவையும் மெனிபோல்டையும் கழற்றி மேசையில் வைத்து, நாலு சிலிண்டர் புகையும் ஒன்றுசேருகிற இடத்தில் அடையாளம் போட்டு, ட்ரில் முனையில் கிரீஸ் தடவித் துளைத்தார். அப்புறம் புரி வெட்டும்போது கொஞ்சம் திருப்புவது, வெளியே எடுத்து துணியில் துடைப்பது, மறுபடி கிரீஸ். தூள் எல்லாம் கிரீஸில் கறுப்புப் பசையாக ஒட்டி வந்தது. பூட்டும்போது கேஸ்கட்டும் புதிது.

இன்னும் இரண்டு விசயம். கென்டர் 24 வோல்ட், மீற்றர் 12 வோல்ட். இரண்டு பட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுக்கிற குறுக்குவழி நம் பக்கம் சாதாரணம், ஆனால் நாளடைவில் ஒரு பட்டரி இறங்கி மற்றது மட்டும் கூடுதலாகச் சார்ஜ் ஆகி இரண்டுமே கெட்டுப்போகும். இவர் 24ஐ 12 ஆக்குகிற கன்வேர்ட்டர் ஒன்று போட்டு, தனி பியூஸும் வைத்தார். சூட்டுக் கம்பி டேஷ்போர்ட் வரைக்கும் எட்டாமல் போனபோது உதவிக்கு நின்ற பையன் சாதாரண வயர் ஒட்டப் போனான், அவனுக்கு நல்ல ஏச்சு. அந்தக் கம்பி இரண்டு வேறு உலோகம், நடுவில் செம்பை ஒட்டினால் கணக்கே பிழைத்துவிடுமாம். கம்பி போகிற வழியை மாற்றி, நேராகக் கொண்டுவந்து எட்டவைத்தார்.

ஓட்டும்போது வித்தியாசம் உடனே தெரிந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் நாலாம் கியரில் இழுத்துப் பிடித்தால் 700ஐ நோக்கி முள் ஏறுகிறது. மூன்றுக்கு இறக்கி ரேஸைக் கொஞ்சம் கூட்டினால், ஒரு வளைவு போவதற்குள் 600க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. கியர் குறைத்தால் எஞ்சின் கத்துகிறதே என்று பாவப்பட்டு மேல் கியரிலேயே இழுப்பதுதான் அதற்கு உண்மையான பாவம். வீட்டுக்கு வந்ததும் முள் 200க்குக் கீழே இறங்கிய பிறகுதான் இப்போது எஞ்சினை நிறுத்துகிறேன். சூட்டோடு நிறுத்தினால் டர்போவுக்குள் நிற்கிற ஒயில் கருகிவிடும்.

பூஸ்ட் மீற்றரை முதலில் அழகுக்குப் பூட்டுகிற சாமான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் தலவாக்கலைக்கு முன்னால், எப்போதும் 0.9 பார் காட்டுகிற ஏற்றத்தில் 0.5க்கு மேல் போகவில்லை, சூடு மட்டும் மளமளவென்று ஏறியது. ஓரம் கட்டிப் பார்த்தால், டர்போ தள்ளுகிற காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. இந்த இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரயோசனம்.

குறை இல்லாமல் இல்லை. வெளிச்சம் ரொம்பக் கூட, நானுஓயா பனிமூட்டத்தில் இரவு ஓட்டும்போது கண்ணாடியில் இரண்டு நீல வட்டம் தெரிந்து எரிச்சலாக இருக்கிறது, நான் மேலே கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நைலோன் குழாயும் மலிவு ரகம், சூட்டுக்கு இறுகிவிடும் போல இருக்கிறது, வாங்கும்போதே நல்ல குழாய் தனியாக வாங்கிவிடுங்கள். கூலியும் குறைவில்லை, மீற்றர் செட் விலையை விடக் கூடத்தான் வந்தது, ஆனால் பேரம் பேச மனம் வரவில்லை.

போவதானால் கோல் எடுத்து நாள் கேட்டுவிட்டு முதல்நாள் இரவே லொறியை விட்டுவிடுங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் மெனிபோல்டில் சாவி வைக்க மாட்டார், போல்ட் முறியும் என்பார்.