ஐந்து பேருக்கு ஒரு கத்தி: பாம்பன் உப்புக் காற்றில் ஒப்பினெல் எண் 8

இந்தக் கத்தி என் ஒருவனுடையது இல்லை. மடக்குக் கத்திகள் மேல் ஆசை கொண்ட ஐந்து பேர், 2021 கடைசியில் ஆளுக்கு 360 ரூபாய் போட்டு வாங்கியது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மதுரையில் மரவேலை செய்யும் நண்பர், திருச்சியிலும் சென்னையிலும் அலுவலக வேலை பார்க்கும் இருவர், அப்புறம் பாம்பனில் பிறந்து ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் நான். ஆளுக்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் கைக்குக் கொடுக்கும்போது தீட்டிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் போகும். அதில் என்ன வெட்டினோம், எங்கே பிடிக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

ஒப்பினெல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் பிறந்த கத்தி. 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்ற பதினெட்டு வயதுப் பையன் அப்பாவின் பட்டறையில் செய்யத் தொடங்கியது. 1897இல் அளவு வாரியாக 1 முதல் 12 வரை எண் கொடுத்தார்கள். எட்டாம் எண்தான் சட்டைப்பைக்குச் சரியான அளவு. அலகு எட்டரை சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 45 கிராம். கைப்பிடி பீச் மரம், நடுவில் பிளவு, அதற்குள் அலகு மடங்கும். 1955இல் கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார்கள். அதைத் திருப்பினால் திறந்த அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். பிற்பாடு வந்தவற்றில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம். பாகங்கள் மொத்தமே ஐந்தாறுதான். எங்களுடையது கார்பன் எஃகு, துருப்பிடிக்கும் வகை. வாங்கும்போது அதைத் தெரிந்தேதான் வாங்கினோம். கார்பன் அலகு கல்லில் சீக்கிரம் தீட்டுப்படும், கூர் ஏறும் விதமே தனி சுகம்.

முதல் சுற்றில் நோட்டில் எழுதியதை இன்று படித்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. தக்காளி, பேப்பர், பார்சல் டேப், ஆப்பிள். கோவை அண்ணன் அலகைக் கண்ணாடி போல மெருகேற்றி அனுப்பியிருந்தார். முன்கையில் முடி மழிக்கிற கூர். நால்வருமே அதைப் புகழ்ந்திருக்கிறோம். அப்போது அது உண்மைதான்.

2022இல் என் முறை வந்தபோது அதைப் பாம்பனுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊர் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல், இடையில் ஒட்டிக்கொண்டிருக்கிற மண். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை இந்தக் காற்று எப்படி அரித்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில்தான் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது. அவ்வளவு பெயின்ட் கண்ட இரும்பே அப்படி என்றால் வெறும் கார்பன் அலகு என்ன செய்யும்? முதல் ராத்திரி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் அலகு முழுக்க ஆரஞ்சுப் புள்ளி.

அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா நாட்டுப்படகுக்காரர், நண்டு வலை போடுகிறவர். தட்டிப் பந்தல் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நண்டு சிக்கிய இடமெல்லாம் கண்ணி அறுந்திருக்கும். ஓரத்து நூலைச் சீராக நறுக்கிவிட்டுத்தான் வலை ஊசியால் புதுக் கண்ணி போட முடியும். அந்த வேலைக்கு அவரிடம் ஹேக்ஸா பிளேடில் செய்த கத்தி இருந்தது, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. ஒப்பினெலை நீட்டினேன். கையில் வாங்கி இரண்டு கண்ணி நறுக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. திருப்பித் தரவும் இல்லை. சாயங்காலம் வரை அதிலேயே வேலை பார்த்தார். மெல்லிய அலகு, ஊசி போல முனை. நைலான் நூலுக்குள் நுழைந்து, தேவையான இழையை மட்டும் தொட்டு எடுக்கிறது. வலை வேலைக்கு இதைவிட நல்ல மடக்குக் கத்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

கயிறு என்று வந்தபோதுதான் எங்கள் மெருகு தோற்றது. நங்கூரக் கயிறு கட்டைவிரல் தடிமன் பிளாஸ்டிக் கயிறு. முடி மழித்த அந்தக் கூர் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போனது. மாமா எழுந்து போய் வாசல் கருங்கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்தார். அதே கயிறு ஒரே இழுப்பில் இரண்டாக விழுந்தது. கூர் என்பது ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தேன். மெருகேற்றிய விளிம்பு அழுத்தி வெட்டும், காய்க்கும் பேப்பருக்கும் அது போதும். சொரசொரப்பான விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கும், இழுத்து அறுக்கிற கயிறுக்கு அதுதான் வேண்டும். அன்றைக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இதை எழுதினேன். அதிலிருந்து, விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு விட்டுவைக்கிற 400 கிரிட் கல்லோடு நிறுத்திக்கொள்வது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். கோவை அண்ணனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அதே வாரம் மாமா கத்தியைக் கடலுக்குக் கொண்டுபோனார். இதைச் சொல்லாமல் இந்த அனுபவப் பகிர்வுக்கு அர்த்தமில்லை. கடலிலிருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது யாரோ அறுத்துவிட்ட பழைய கயிறு ஒன்று இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. சோழகக் காற்று, அதாவது தென்காற்று, படகு குறுக்கே திரும்புகிறது. மாமா இடுப்பிலிருந்து ஒப்பினெலை எடுத்தார். திறக்கவில்லை. ராத்திரி முழுக்க ஈரத்தில் இருந்ததில் மரம் உப்பி, பிளவு சுருங்கி, அலகை இறுகப் பிடித்துக்கொண்டது. நகம் வைத்து இழுக்கிற சிறு பள்ளம் மட்டும்தான் பிடி. கையோ வழவழ. கடைசியில் அந்த ஹேக்ஸா கத்தியால்தான் அறுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரைக்கு வந்ததும் மாமா சொன்னது: "மாப்ள, கத்தி நல்ல கத்திதான். கடலுக்குக் கூப்பிடாத, கரையில வச்சுக்க."

சவாய் மலைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் பழசு. மரம் உப்பி அலகு வராமல் போனால் கைப்பிடியின் பின்முனையைக் கட்டையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார்கள், அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதற்குச் சவாய்த் தட்டு என்றே பெயர். எனக்கு அது தெரியும், மாமாவுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்திருந்தாலும், ஆடுகிற படகில் ஒரு கை கயிற்றில் இருக்கும்போது இரண்டு கை கேட்கிற கத்தி எனக்கு இப்போது ஆகாத கத்திதான். படகில் உறையிலிருந்து உருவினால் வருகிற, மடங்காத கத்தி வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்த சுற்றில் மதுரை நண்பர் கைப்பிடியைக் கவனித்தார். வளையத்தைக் கழற்றி, பிளவின் உட்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மயிரிழை அகலப்படுத்தினார். கைப்பிடியை ஆளிவிதை எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு வாரம் நிழலில் காயப்போட்டார். அப்புறம் அச்சு இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி மெழுகை உருக்கி விட்டார். உப்புவது நின்றுவிடவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. மழை நாளிலும் நகத்தால் திறக்க முடிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஊறல் வேண்டும். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது, வாயில் போடுகிற பொருளை வெட்டினாலும் பயமில்லை. அச்சில் மட்டும் அதை விடக்கூடாது. மணலும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. நான் விட்டுப் பார்த்து, குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

துருவுக்கு நல்ல மருந்து அத்தை சமையலறையில் கிடைத்தது. ஒரு நாள் முழுக்க மாங்காய் நறுக்கிக் கொடுத்தேன், ஊறுகாய்க்கு. புளிப்பு பட்டு அலகு நீலமும் சாம்பலுமாக மாறியது. அந்தப் படலம் துரு இல்லை, அது உட்கார்ந்த இடத்தில் சிவப்புத் துரு அவ்வளவு சுலபமாக ஏறுவதில்லை. அடுத்து புளிக்கரைசலில் அலகை மட்டும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துச் சீராக்கினோம். இப்போது கருஞ்சாம்பல் நிறம், எனக்குப் புதுசைவிட இதுதான் அழகு.

மீன் ஆய்வதற்கு மட்டும் வேண்டாம். அத்தை விளைமீனை ஆய்ந்து பார்த்தார். வெட்டு நன்றாக விழுகிறது, ஆனால் செதிலும் கொழுப்பும் கைப்பிடிப் பிளவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாள் வீச்சம். எலுமிச்சைத் தோலும் பல்குச்சியுமாக அரை மணி நேரம் கழுவினேன். அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் அத்தைக்கு இரண்டு கையும் மீனுக்கே கிடைக்கும், பத்து மீன் ஆய்கிற நேரத்தில் இதில் இரண்டுதான் முடியும். அன்றைக்குத்தான் அலகில் இருந்த முத்திரையைப் பார்த்து, "இது யாரு கை?" என்று கேட்டார். மூன்று விரல் நீட்டிய கை, மேலே கிரீடம். 1909இல் ஜோசப் ஒப்பினெல் வைத்த முத்திரை. அந்தப் பகுதியின் செயின்ட் ஜான் தெ மோரியென் ஊர் ஆலயத்தில் திருமுழுக்கு யோவானின் விரல் எலும்புகள் இருப்பதாக ஐதீகம், அந்தக் கைதான் ஊர்ச் சின்னம், கிரீடம் சவாய் ஆட்சிக்கு உரியது என்று சொன்னேன். அன்றிலிருந்து அத்தை அதைத் தரையில் வைக்க விடுவதில்லை. அலமாரியில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் இடம்.

2023 மீன்பிடித் தடைக்காலத்தில்தான் சுற்று பெரிதானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், கயிறு மாற்றுகிற, வலை கட்டுகிற வேலை ஓயாது. கத்தியைக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து பேரின் பொருளை எல்லாருக்கும் கொடுக்க எனக்குத் தயக்கம். மாமாதான் வழி சொன்னார். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவு போக, ஆளுக்குப் பங்கு பிரிக்கும்போது படகுக்கும் வலைக்கும் தனியாகப் பங்கு எடுத்து வைப்பார்கள். அதில்தான் படகு பிழைக்கிறது. "கத்திக்கும் ஒரு பங்கு போடச் சொல்லு" என்றார். மற்ற நால்வரிடமும் பேசினேன், சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். அன்றிலிருந்து யார் வைத்திருந்தாலும் கைமாற்றும்போது பிஸ்கட் டப்பாவில் 20 ரூபாய். கல், எண்ணெய், உப்புத்தாள் எல்லாம் அதிலிருந்து. மாமாவும், பக்கத்து மண்டபம் ஊரில் கடற்பாசி வளர்க்கிற ஒரு அக்காவும் சுற்றில் சேர்ந்தார்கள். நோட்டில் மாமா எழுதுவதில்லை, சொல்லுவார், நான் எழுதுவேன்.

அந்த அக்காவின் குறிப்புகள்தான் நோட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. அவர் வளர்ப்பது ஊரில் பெப்சிப் பாசி என்று சொல்கிற கப்பாபைகஸ். பெப்சி நிறுவனம் கொண்டுவந்த சாகுபடி என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் 20 கயிறு, கயிறு முழுக்கத் துண்டு துண்டாகப் பாசி. 45 நாளில் அறுவடை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நூல் நறுக்க வேண்டும், பாசி துண்டாக்க வேண்டும். கத்தி நாள் முழுக்கத் திறந்தே இருப்பதால் உப்புகிற சிக்கல் அவருக்கு இல்லை. வளையப் பூட்டில் மணல் ஏறித் திருப்ப முடியாமல் போவதுதான் அவர் சொன்ன குறை. இது எங்களில் ஒருவருக்கும் தோன்றாத குறை. கரையேறியதும் நல்ல தண்ணீரில் வளையத்தை நாலு முறை திருப்பிக் கழுவினால் சரியாகிறது என்று அவரே வழியும் எழுதியிருந்தார். கைப்பிடிக் குண்டில் துளை போட்டுக் கயிறு கோத்ததும் அவர்தான். தண்ணீரில் விழுந்தால் தேட வேண்டாம் இல்லையா?

2024இல் முனை உடைந்தது. இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க முனையை விட்டு நெம்பியது நான். இரண்டு மில்லிமீட்டர் போச்சு. இது நெம்புகிற கத்தி இல்லை, முனைப்பக்கம் தாள் மாதிரி மெலிசு. முதுகுப் பக்கத்திலிருந்து கல்லில் தேய்த்து புதுமுனை எடுத்தேன், ஒரு மணி நேர வேலை.

அதே ஆண்டு துருப்பிடிக்காத வகையிலும் ஓர் எட்டாம் எண் வாங்கி மாமாவிடம் கொடுத்துப் பார்த்தோம். குரோமியம் சேர்ந்த ஸ்வீடன் எஃகு. ஒரு வருஷம் படகுப் பெட்டியிலேயே கிடந்தும் அலகில் தேயிலைக் கறை மாதிரி இரண்டு இடம், அவ்வளவுதான். கூர் கார்பனைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது. மரம் அதே மரம், அதே உப்பல். கடற்கரையில் இருக்கிறவர் ஒரே ஒரு ஒப்பினெல் வாங்குவதாக இருந்தால் இதை வாங்கட்டும். தினமும் துடைத்து எண்ணெய் தடவ மனசு இருக்கிறவர் கார்பன் வாங்கட்டும், கல்லில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கான பலன் தெரியும். வலை, நூல், காய், கருவாடு இவற்றுக்கு இரண்டுமே அருமை.

பழைய கத்தி இப்போது மண்டபத்து அக்காவிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டி அலகு புதுசைவிட இரண்டு மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கிறது. ஏழு பேர் ஏழு கோணத்தில் தீட்டியதில் விளிம்பு வயிறு வைத்தது போல மெல்லிய வளைவாக வந்திருக்கிறது, அதனால் கயிற்றில் இன்னும் நன்றாக இறங்குகிறது. அடுத்து என் முறை. வளையம் கொஞ்சம் ஆடுகிறதாம், கைப்பிடிக்கும் எண்ணெய் ஊறல் நேரம் வந்துவிட்டது. டப்பாவில் 140 ரூபாய் இருக்கிறது, ஆளிவிதை எண்ணெய்க்குப் போதும்.