ஒரே உடல், நான்கு சதவீதம்: கொழுப்பை அளக்கும் முறைகளில் எதை எவ்வளவு நம்பலாம்?

35 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ., கழுத்து 38 செ.மீ. மார்பு, வயிறு, தொடை மூன்றிலும் காலிப்பரால் (தோலைக் கிள்ளிப் பிடித்து அளக்கும் இடுக்கி போன்ற கருவி) எடுத்த தோல் மடிப்புகளைக் கூட்டினால் 60 மி.மீ. இவர் உடலில் கொழுப்பு எத்தனை சதவீதம்?

ஜாக்சன்-பொல்லாக் மடிப்புச் சூத்திரப்படி 18.5. பி.எம்.ஐ.யையும் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) வயதையும் வைத்துக் கணக்கிடும் டியூரன்பர்க் சூத்திரப்படி 20.9. அமெரிக்கக் கடற்படையின் டேப் முறையில் 21.5. 2018இல் வெளிவந்த ஆர்.எஃப்.எம். என்ற இன்னொரு டேப் சூத்திரத்தில் 26.2. கிலோவில் சொன்னால், ஒரு சூத்திரத்துக்கு இவர் சுமப்பது 13 கிலோ கொழுப்பு, இன்னொன்றுக்கு 18 கிலோவுக்கும் மேல்.

கணக்கில் எங்கும் தவறில்லை. உயிருள்ள உடலிலிருந்து கொழுப்பைத் தனியே பிரித்து எடைபோட வழி கிடையாது. அது பிணக்கூறாய்வில் மட்டுமே முடியும். மற்ற எல்லா முறைகளும் வேறெதையோ அளக்கின்றன: தண்ணீருக்குள் எடை, எக்ஸ்ரே எவ்வளவு தடைபடுகிறது, மின்தடை, மில்லிமீட்டர், சென்டிமீட்டர். அதை ஒரு சூத்திரம் சதவீதமாக மாற்றித் தருகிறது. அந்தச் சூத்திரமும் வேறொரு முறையைச் சரியென்று வைத்துக்கொண்டு உருவாக்கப்பட்டதுதான். கடற்படைச் சூத்திரம் நீருக்கடி எடையோடு ஒப்பிட்டு எழுதப்பட்டது, ஆர்.எஃப்.எம். டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனோடு ஒப்பிட்டு. மேலே பார்த்த இடைவெளியில் ஒரு பங்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தண்ணீர்த் தொட்டியும் காற்றுக் கூண்டும்

நீருக்கடி எடை முறை ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். தராசில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, நுரையீரலில் இருக்கும் காற்றை முழுக்க ஊதி வெளியேற்றிவிட்டு, தலை மூழ்க அசையாமல் சில விநாடி இருக்க வேண்டும். இப்படிப் பல முறை. கிடைக்கும் உடல் அடர்த்தியை 1961இல் சிரி என்ற ஆய்வாளர் வெளியிட்ட சூத்திரத்தில் போடுவார்கள்: 495 ÷ அடர்த்தி − 450.

எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கிவிடும். அந்த மிச்சக் காற்றைத் தனிக் கருவியில் அளந்து கழிப்பதா, வயதையும் உயரத்தையும் வைத்து உத்தேசமாகக் கழிப்பதா என்பதில்தான் இந்த முறையின் தரம் இருக்கிறது. நம் 70 கிலோ ஆளுக்கு 100 மி.லி. காற்று தப்பினால் விடை 0.7 சதவீதப் புள்ளி தப்பும். உத்தேசக் கணக்கில் 300 மி.லி. விலகினால் இரண்டு புள்ளி போயிற்று.

இன்னொரு சிக்கல் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. கொழுப்பு நீங்கலான உடலின் அடர்த்தி எல்லோருக்கும் 1.100 என்று அது வைத்துக்கொள்கிறது. எலும்பு கனத்தவருக்கு உண்மையில் இதைவிட அதிகம். எலும்பு தேய்ந்த முதியவருக்குக் குறைவு. முதலாமவருக்குக் கொழுப்பு குறைத்துக் காட்டும், இரண்டாமவருக்குக் கூட்டிக் காட்டும். மொத்த உடலின் அடர்த்தி 1.100-ஐத் தாண்டினால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்படி ஒரு மனிதர் இருக்க முடியாது. ஆனால் மெலிந்த, எலும்பு கனத்த விளையாட்டு வீரர்களிடம் இந்த விடை வருவதுண்டு.

பாட்பாட் எனப்படும் முட்டை வடிவக் கூண்டு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் கொண்டு கன அளவைக் கண்டுபிடிக்கிறது. மூழ்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் துணி மடிப்பிலும் முடியிலும் சிக்கிய காற்று, அறைக்காற்றைவிட எளிதில் அமுங்கும். அதனால் உடலின் கன அளவு குறைவாகவும், கொழுப்பு குறைவாகவும் பதிவாகும். இறுக்கமான நீச்சலுடையும் தலைக்கு நீச்சல் தொப்பியும் கட்டாயமாவது இதனால்தான். அடர்ந்த தாடிகூட விடையைக் கீழே இழுக்கும். தொப்பி இல்லாமல் உட்கார வைக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

டெக்ஸா: நல்ல முறை, ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ்ரே கற்றைகள் உடல் வழியே போகின்றன. எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு மூன்றும் அவற்றை வெவ்வேறு விகிதத்தில் தடுப்பதால் பிரித்தறிய முடிகிறது. முழு உடலுக்குப் பத்து நிமிடத்துக்குள் முடியும். கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட்தான். இயற்கையிலிருந்தே நமக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ அவ்வளவு வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை.

பலவீனம் இதற்கும் உண்டு. எலும்பு குறுக்கிடும் இடங்களில் கொழுப்பையும் தசையையும் கருவியால் பிரிக்க முடியாது. பக்கத்துப் பகுதியின் விகிதத்தை அங்கேயும் பொருத்திக்கொள்ளும். மார்புக்கூட்டில் இப்படி நிரப்பப்படும் பரப்பு கணிசம். ஹோலாஜிக் கருவியும் ஜி.இ. லூனார் கருவியும் ஒரே ஆளுக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. சென்ற வருடம் ஒன்றிலும் இந்த வருடம் மற்றொன்றிலும் எடுத்து, இரண்டையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஸ்கேன் சென்டருக்குப் போகுமுன் கேட்க வேண்டியது ஒன்று: "முழு உடல் கலவை எடுப்பீர்களா?" டெக்ஸா இருக்கிறது என்று சொல்லும் பல இடங்களில் எடுப்பது முதுகெலும்பு, இடுப்பெலும்பு அடர்த்தி மட்டும்தான்; அதில் கொழுப்புச் சதவீதம் வராது. ரிப்போர்ட்டிலும் ஒரு பொறி உண்டு. கொழுப்பு 14 கிலோ, எலும்பல்லாத மென்திசு 53.2, எலும்புத் தாது 2.8 என்று வந்தால், மொத்த எடையில் கொழுப்பு 20.0 சதவீதம், எலும்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 20.8. சில ரிப்போர்ட்டுகளில் இரண்டுமே இருக்கும். ஒரு தடவை இதையும் மறு தடவை அதையும் எடுத்துக்கொண்டு, கொழுப்பு ஏறிவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு.

ஸ்மார்ட் எடை மெஷின்

வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான், அதிகம் நம்பக்கூடாததும் இதுதான். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் உடலுக்குள் போகிறது. தசையில் தண்ணீரும் உப்பும் நிறைய, அதனால் மின்சாரம் சுலபமாகப் பாயும், கொழுப்பில் பாயாது. அளக்கப்படுவது மின்தடை மட்டுமே. உயரம், எடை, வயது, பாலினம் எல்லாம் நீங்கள் ஆப்பில் கொடுத்தவை அல்லது தராசு சொன்னவை.

விடையில் எத்தனை பங்கு மின்சாரத்துடையது, எத்தனை பங்கு நீங்கள் தட்டச்சிட்டது? சோதிப்பது எளிது. ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஆப்பில் உயரத்தை 5 செ.மீ. கூட்டிவிட்டு மறுபடி ஏறுங்கள். பிறகு பாலினத்தை மாற்றுங்கள், 'அத்லெட்' என்ற தேர்வு இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உங்கள் உடல் மாறவில்லை, எண் மட்டும் எங்கெங்கோ போயிருக்கும்.

பாதத்தில் மட்டும் உலோகத் தகடுள்ள மெஷினில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். தொப்பை அதன் பாதையிலேயே சரியாக வராது. கைப்பிடியும் சேர்ந்த, இன்பாடி போன்ற எட்டு மின்முனைக் கருவிகள் கை, கால், நடுவுடல் என்று பிரித்து அளக்கின்றன, அவை மேல். ஆனாலும் ஓர் இயற்பியல் தொல்லை தீராது. மெல்லிய குழாயில் தண்ணீர் திணறும், அகலக் குழாயில் தாராளமாக ஓடும். கையும் காலும் மெல்லிய குழாய்கள், நடுவுடல் அகலக் குழாய். உடல் எடையில் ஏறத்தாழப் பாதி நடுவுடலில் இருந்தும், மொத்த மின்தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். கொழுப்பு சேரும் முக்கியமான இடம்தான் கருவிக்கு மங்கலாகத் தெரிகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் என்ன ஆகும்? வயிற்றிலுள்ள தண்ணீர் மின்தடையை அவ்வளவாக மாற்றாது, எடை மட்டும் ஒரு கிலோ ஏறும். அந்தக் கிலோவில் பெரும்பகுதியைச் சூத்திரம் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். டெக்ஸாவில் இதே தண்ணீர் மென்திசுவாகப் பதிவாகி, சதவீதம் சற்று இறங்கும். ஒரே சொம்பு தண்ணீர், எதிரெதிர்த் திசை!

படுத்து எழுந்ததும் கால்களில் நீர் குறைவு, தடை அதிகம். எனவே காலையில் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். நாள் முழுக்க நின்று நடந்தபின் மாலையில் குறையும். உடற்பயிற்சி முடித்து உடம்பு சூடாக இருக்கும்போதும் குறைத்துக் காட்டும், அது அன்றைய பயிற்சியின் பலன் ஆகாது. பித்தவெடிப்போ தடித்த காய்ப்போ உள்ள பாதத்தில் தொடர்பு சரியாகக் கிடைக்காது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏறுவது நல்லது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

தனி ஆளுக்கு 4, 5 புள்ளி விலகுவது இந்த வகையில் சாதாரணம். கிலோவைப் படியுங்கள், சதவீதத்தை ஒரு வாரச் சராசரியாக மட்டும் பாருங்கள்.

காலிப்பர்: கருவியைவிடக் கை முக்கியம்

மலிவான கருவியில் நியாயமான விடை வாங்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் அளப்பவருக்குப் பயிற்சி வேண்டும். நல்ல காலிப்பரின் வாய் எந்த அகலத்திலும் ஒரே அழுத்தம், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 10 கிராம், தரும்படி செய்யப்பட்டிருக்கும். ஹார்ப்பெண்டன் கருவி 0.2 மி.மீ. வரை காட்டும். விரலால் அழுத்தும் பிளாஸ்டிக் காலிப்பரில் அழுத்தம் விரலைப் பொறுத்தது.

ஆண்களுக்கான மூன்று இடங்கள்: மார்பில், அக்குளின் முன்மடிப்புக்கும் காம்புக்கும் நடுவே சாய்வாக; வயிற்றில், தொப்புளுக்கு வலப்பக்கம் 2 செ.மீ. தள்ளிச் செங்குத்தாக; தொடையில், இடுப்பு மடிப்புக்கும் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் சரிபாதியில் செங்குத்தாக. எப்போதும் வலப்பக்கம். பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு, தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் கிள்ளி இழுத்து, விரலிலிருந்து 1 செ.மீ. தள்ளிக் காலிப்பரை வைத்து, இரண்டு விநாடிக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் மடிப்பு நசுங்கி எண் இறங்கிக்கொண்டே போகும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று முறை எடுக்காமல், மூன்று இடமும் சுற்றிவந்து மீண்டும் தொடங்குவதும் இதனால்தான். எண்ணெய் தேய்த்த உடம்பிலும் பயிற்சி முடித்த உடனேயும் எடுக்கக் கூடாது.

நம் ஆளுக்கு ஒவ்வோர் இடத்திலும் 2 மி.மீ. கூடுதலாகப் படித்தால் 60 என்பது 66 ஆகும், சதவீதம் 18.5இலிருந்து 20.2 ஆகும். இரண்டு பயிற்சியாளர்கள் மாறி மாறி அளந்தால் இந்த வித்தியாசம் தானாகவே வரும். மிகப் பருமனானவரிடம் மடிப்பு கையில் பிடிபடாது. அங்கே இந்த முறையை விட்டுவிடலாம். குடல்களைச் சுற்றியுள்ள கொழுப்பைக் காலிப்பர் எவரிடமும் தொடுவதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. டர்னினும் வுமர்ஸ்லியும் 1974இல் வெளியிட்ட நான்கு இடத் தோல் மடிப்பு முறை, கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து எழுதியது. ஜாக்சன்-பொல்லாக் அமெரிக்கர்களை அளந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படம் பலருக்கு நினைவிருக்கும்: மருத்துவர்களான புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனின் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பி.எம்.ஐ.யிலிருந்து கொழுப்பைக் கணிக்கும் எந்தச் சூத்திரமும் இவர்களைப் பிரித்தறியாது.

டேப்

கடற்படை முறைக்கு ஆண்களுக்குக் கழுத்து, தொப்புள் மட்ட வயிறு, உயரம் போதும். பெண்களுக்கு இடையின் குறுகிய இடம், பிருஷ்டத்தின் அகன்ற இடம், கழுத்து, உயரம். கழுத்தில் குரல்வளை மேட்டுக்குக் கீழே, முன்பக்கம் லேசாகச் சரியும்படி வையுங்கள். வயிற்றில் தரைக்கு இணையாக, சாதாரணமாக மூச்சு விட்ட முடிவில் படியுங்கள். தையல்கடையில் பழகிப்போன இஞ்சு டேப் நாளாக நாளாக நீண்டுவிடும். ஃபைபர் கிளாஸ் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஆள் வயிற்றை 90க்குப் பதில் 92 என்று அளந்தால் 21.5 என்பது 22.9 ஆகிவிடும். வயிற்றை எக்கிக்கொள்பவருக்கு எவ்வளவு லாபம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

தசைப்பிடிப்பான தடித்த கழுத்துக்காரருக்கு இது குறைத்துக் காட்டும். தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பு சேரும் ஆணுக்கும் அப்படியே.

எதை எடுப்பது

நம் ஆள் மூன்று மாதத்தில் 2 கிலோ சுத்தமான கொழுப்பைக் குறைக்கிறார் என்று வைப்போம். 20 சதவீதத்திலிருந்து 17.6க்கு வருவார்: 2.4 புள்ளி. ஒரு கருவியின் மறு அளவைப் பிழை (அதே ஆளை உடனே மறுபடி அளந்தால் வரும் விலகல்) 1 புள்ளி என்றால், இரண்டு அளவைகளுக்கு நடுவே ஏறத்தாழ 2.8 புள்ளியாவது மாறினால்தான் அதை உண்மையான மாற்றம் என்று சொல்லலாம். ஒழுங்காக எடுத்த டெக்ஸாவே இந்த எல்லையில்தான் தடுமாறும். மாதாமாதம் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. ஆறு மாத இடைவெளி, அதே கருவி, அதே மென்பொருள், வெறும் வயிறு, முந்தைய நாள் கடும் பயிற்சி இல்லை என்றால் பயனுண்டு.

வீட்டில் தொடர்ந்து கவனிக்க, சதவீதத்தை மறந்துவிட்டு மூல அளவுகளையே குறித்து வைப்பது மேல்: வயிற்றுச் சுற்றளவு, எடை, பழகிய கை ஒன்று கிடைத்தால் மடிப்புகளின் கூட்டு மில்லிமீட்டர். 60 மி.மீ. 48 ஆனது என்றால் எந்தச் சூத்திரத்தின் தயவும் இல்லாமல் அது குறைந்திருக்கிறது. எடை மெஷின் சதவீதத்தையும் பார்த்தே தீருவேன் என்பவர்கள் காலையில், சிறுநீர் கழித்தபின், எதுவும் குடிக்குமுன் ஏறுங்கள். மெஷினை மாற்ற வேண்டிவந்தால், பழையதிலும் புதியதிலும் ஒரே காலையில் அடுத்தடுத்து ஏறி இரண்டு எண்களையும் எழுதிக்கொண்ட பிறகு பழையதைத் தூக்கிப் போடுங்கள்.