காய்ச்சலுக்கு ஊசி கேட்கும் ஊரில்

பென்னாகரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் காய்ச்சலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், 'ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கும் டாக்டரை எங்கள் பக்கம் கைராசிக்காரராகச் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாரசிட்டமால் மாத்திரை விழுங்கிய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடும். இடுப்பில் போடும் ஊசி அதைவிடப் பெரிதாக முந்துவதில்லை. அதில் என்ன மருந்து என்று நாமும் கேட்பதில்லை. டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியாக இருந்து, காய்ச்சல் டெங்குவாகவும் இருந்தால் ஆபத்து: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் அந்த மருந்து ரத்தக்கசிவைக் கூட்டும், ஊசி குத்திய தசையில் ரத்தம் கட்டும். குடித்ததெல்லாம் வாந்தியாகிறவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் வேறு விஷயம்.

அடுத்த போட்டி பாரசிட்டமாலுக்கும் ஐபுப்ரோஃபெனுக்கும். ஐபுப்ரோஃபென் சற்று நீண்ட நேரம் தாங்கும். ஆனாலும் அது டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்ததுதான், டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதைத் தொட வேண்டாம். உடலில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாது. என் ஓட்டு பாரசிட்டமாலுக்கே. அதையும் அளவு தெரிந்து கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி. ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. 12 கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் 7 மில்லி வரை சரி. இரண்டாவதில் அதில் பாதிதான். என் தங்கை வீட்டில் பழைய பாட்டில் தீர்ந்து புதியது வாங்கியபோது மூடி அளவை மட்டும் பார்த்து ஊற்றப் போனார்கள். நல்லவேளை, லேபிளைப் படித்த பிறகுதான் ஊற்றினார்கள்.

ஈரத்துணி? வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஐஸ் தண்ணீர் வைத்தால் உடல் நடுங்கி இன்னும் சூட்டை உண்டாக்கும். கம்பளி போர்த்தி வியர்க்க வைப்பது அதைவிட மோசம். நிலவேம்புக் குடிநீரை நானும் குடிப்பேன். ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக அல்ல. என்னைக் கேட்டால் கசாயத்தைவிட மோர் விட்டு உப்புப் போட்டுக் கரைத்த ராகிக் கூழ் மேல். காய்ச்சலில் முதலில் வற்றுவது நீர்தானே.

வீட்டிலேயே பார்ப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பதைத் தெர்மாமீட்டர் மட்டும் சொல்லாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். 102-இல் விளையாடும் பிள்ளையைவிட 100-இல் துவண்டு கிடக்கும் பிள்ளைக்காகத்தான் நான் பயப்படுவேன். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யோசிக்கவே கூடாது, அன்றே போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் 3 முதல் 7-ஆம் நாள்தான் கண்டம். சூடு விட்டதென்று வீட்டார் நிம்மதியாகும் அதே வேளையில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் என்று வரலாம். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்க்காரர்கள் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்துக் கீழே இறங்கிவிட வேண்டும்.